மரபுரிமையாக வந்த பழைய ராணுவ ரைஃபிள்: அது எது என்று கண்டறியும் வழி

பெரியப்பா இறந்தபின் அவருடைய இரும்பு அலமாரியிலிருந்த ரைஃபிள் என் பொறுப்புக்கு வந்தது. அது ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்லிவந்த கதை. கட்டை வேட்டைத் துப்பாக்கியைப் போலச் செதுக்கப்பட்டிருந்தது. மேலே தொலைநோக்கி பொருத்தத் துளைகள் போடப்பட்டிருந்தன. முத்திரை இருக்கவேண்டிய இடம் அராவப்பட்டு வழவழவென்று இருந்தது. பக்கத்திலேயே 8×57 (8 மி.மீ. குண்டு, 57 மி.மீ. நீளக் கூடு) என்று அச்சிட்ட தோட்டாப் பெட்டி ஒன்றும் இருந்தது. துப்பாக்கி ஜெர்மானியதும் அல்ல, அந்தத் தோட்டா அதற்கு உரியதும் அல்ல என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. வரிசை மாற்றிச் செய்ததால் வீணான மாதங்கள் அவை. நீங்கள் அந்தச் சுற்றைச் சுற்றவேண்டாம் என்பதற்காக, செய்யவேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மாற்றியமைக்கப்பட்ட ரைஃபிளைப் பார்த்து "இது என்ன துப்பாக்கி" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் விடை கிடைக்காது. ரிசீவர் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடல்) எங்கே செய்யப்பட்டது, குழல் எதனுடையது, தோட்டா உட்காரும் சேம்பர் இன்று எந்த அளவில் இருக்கிறது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கவேண்டும். மூன்றுக்கும் வெவ்வேறு விடைகள் வரலாம்; ஒன்றின் விடையை வைத்து மற்றொன்றை ஊகிக்கக்கூடாது.

1. முதல் நாள்: சுடவேண்டாம், துலக்கவேண்டாம், எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டாம்

ஆள் இல்லாத பாதுகாப்பான திசையை நோக்கிக் குழலைத் திருப்பி, விசையில் விரல் படாமல் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும், கைப்பிடியுள்ள தண்டு) திறந்து, மேகசினில் தோட்டா இருந்தால் வெளியே எடுத்துவிட்டு, சேம்பருக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் ஒருமுறை சரிபாருங்கள். அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. போல்ட் இறுகியிருந்தாலோ, அதைத் திறக்கும் முறை உங்களுக்குத் தெரியாவிட்டாலோ, தட்டியோ நெம்பியோ திறக்க முயலாமல் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரை வீட்டுக்கு அழையுங்கள். கூடவே கிடைத்த தோட்டாக்களை வேறு இடத்தில் பூட்டிவையுங்கள். அவை அந்தத் துப்பாக்கியுடன் இருந்தன என்பது அதற்குப் பொருந்தும் என்பதற்குச் சான்று ஆகாது.

துரு தெரிந்தாலும் உப்புத்தாள், கம்பிப் பஞ்சு, துருநீக்கி எதையும் தொடாதீர்கள். ஆழம் குறைந்த முத்திரைகள் ஒரே துலக்கலில் மறைந்துபோகும். மெல்லிய எண்ணெய் நனைத்த துணியால் ஒற்றியெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. காகிதங்களை முதலில் நேராக்குங்கள்

நான் செய்த முதல் தவறு இதில்தான். துப்பாக்கியை அடையாளம் கண்டபின் காகித வேலையைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். பெரும்பாலான நாடுகளில் துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்ததைக் குறிப்பிட்ட காலத்துக்குள் உரிம அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டும்; உரிமமோ இடைக்கால அனுமதியோ இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பதும் காரில் எடுத்துச் செல்வதும் குற்றமாகலாம். ஆகவே கம்மியரிடமோ சேகரிப்பாளரிடமோ காட்டக் கிளம்பும் முன் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, உரிமம் மாறும்வரை எங்கே வைக்கவேண்டும், எப்படிக் கொண்டுசெல்லவேண்டும் என்று கேளுங்கள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பாதுகாப்புக்காக ஒப்படைத்துவைக்கும் வழி பல இடங்களில் உண்டு. வாடகை கொடுக்கவேண்டியிருந்தாலும் அதுவே நிம்மதியான வழி. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க மறவாதீர்கள்.

இறப்புச் சான்றிதழ், உயில் அல்லது வாரிசு உரிமையைக் காட்டும் ஆவணம், இறந்தவரின் பழைய உரிமம், மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வமான சம்மதம் ஆகியவை அநேகமாக எல்லா இடங்களிலும் கேட்கப்படும். இவற்றோடு அவருடைய பழைய பைகளையும் புத்தக இடுக்குகளையும் தேடுங்கள். வாங்கிய பில், கம்மியர் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு, தோட்டா வாங்கிய ரசீது ஆகியவை அதிகாரிக்குத் தேவைப்படாமல் போகலாம். அடையாளம் காண உங்களுக்கு அவை பொன். தோட்டா ரசீதில் இருக்கும் அளவுதான் பெரும்பாலும் துப்பாக்கி உண்மையில் சுட்ட அளவு.

பழைய உரிமத்தில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் கார்98கே ரைஃபிள்களில் ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கி, பத்தாயிரம் நிறைந்ததும் பின்னால் ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்து மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணியது. அந்தச் சிறிய எழுத்தை எழுதாமல் விட்டால் வேறொரு துப்பாக்கியின் எண்ணை எழுதியதாக ஆகிவிடும். பிரிட்டனில் வணிகச் சோதனைக்கு உட்பட்ட .303 துப்பாக்கிகளின் குழலில் 2.222 என்றும் 18.5 டன் என்றும் பொறித்திருப்பார்கள். முன்னது தோட்டாக் கூட்டின் அங்குல நீளம், பின்னது அழுத்தச் சோதனையின் அளவு. இவற்றை மாடல் எண்ணாகவும் வரிசை எண்ணாகவும் படிவத்தில் எழுதிவிட்டுப் பிறகு திருத்த அலைபவர்கள் உண்டு. வரிசை எண்ணே அராவி அழிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் வேறு எதையும் செய்யாமல் உடனே அதிகாரியிடம் தெரிவியுங்கள். அது அடையாளம் காணும் சிக்கல் அல்ல, சட்டச் சிக்கல்.

குழல் வெட்டிக் குட்டையாக்கப்பட்டிருந்தால் அதன் நீளத்தையும் மொத்த நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல நாடுகள் குறைந்தபட்ச நீளத்தைச் சட்டத்தில் வகுத்துள்ளன. அதற்குக் கீழே போனால் துப்பாக்கியின் வகையே மாறிவிடும்.

3. படம் எடுத்தல்

ஒரு முழுப் பகலை இதற்கு ஒதுக்குங்கள். முழு நீளப் படம் இரு பக்கமும், போல்ட்டைக் கழற்றி அதன் எல்லாப் பக்கங்களும், ரிசீவரின் மேற்புறமும் இடச்சுவரும், குழலின் அடிப்பகுதி, குழல் வாய், மேகசின் தட்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுங்கள். நேர் ஒளியில் முத்திரை தெரியாது. இருட்டான அறையில் கைவிளக்கை உலோகத்துக்கு ஏறக்குறைய இணையாகப் படுக்கவைத்துப் பிடித்தால், அராவப்பட்ட இடத்திலும் எழுத்தின் அடித்தடம் நிழலாக எழும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதும் நல்ல பலன் தரும். என் துப்பாக்கியின் இடச்சுவரில், காய்ந்த கிரீஸுக்கும் பின்னாளில் ஏற்றிய நீலப் பூச்சுக்கும் அடியில், "வி.இசட். 24" என்ற எழுத்துகள் அப்படித்தான் வெளிவந்தன. அது செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ தொழிற்சாலையின் மாடல் பெயர். ஏழு மாதங்களில் முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை அது.

கட்டைக்கு அடியிலும் முத்திரைகள் இருக்கும். அதைக் கழற்றச் சரியான அகலமுள்ள திருப்புளி இல்லையென்றால் முயலாதீர்கள். சிதைந்த திருகுத் தலை துப்பாக்கியின் மதிப்பையும் அடுத்தவர் வேலையையும் கெடுக்கும்.

4. ரிசீவரும் போல்ட்டும் எந்தக் குடும்பம்

கட்டை, தொலைநோக்கி, முன்குறி, பின்குறி, வளைத்த போல்ட் கைப்பிடி எல்லாம் மாற்றப்பட்டிருக்கலாம்; அவற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போல்ட் எங்கே பூட்டுகிறது என்பதை யாரும் மாற்றமுடியாது.

போல்ட்டின் முன்முனையில் இரண்டு பூட்டுப் பற்களும், பின்னால் கைப்பிடிக்கு அருகே மூன்றாவதாக ஒரு பல்லும், பக்கவாட்டில் போல்ட்டின் பெரும்பகுதி நீளத்துக்கு ஓடும் கவ்வுக் கொக்கியும் இருந்தால் அது ஜெர்மனியில் உருவான 1898ஆம் ஆண்டு மௌசர் வகை; வி.இசட். 24உம் இதில் அடங்கும். மூன்றாவது பல் இல்லாமல், போல்ட்டை முன்னால் தள்ளிப் பூட்டும்போது சுருள்வில் இறுகினால், அது அதற்கு முந்தைய 1893 முதல் 1896 வரையிலான மௌசராக இருக்கலாம். ஸ்பெயினின் 7×57 துப்பாக்கிகளும் ஸ்வீடனின் 6.5×55 துப்பாக்கிகளும் இந்த வகை. ஒரு பொறி இங்கே உண்டு: பழைய மௌசர்களைத் திறக்கும்போதே வில் இறுகும்படி மாற்றும் உதிரிபாகங்கள் விற்கப்பட்டன. ஆகவே வில் எப்போது இறுகுகிறது என்பதை மட்டும் நம்பாமல் மூன்றாவது பல்லைத் தேடுங்கள். இந்தப் பழைய வகையை வலிமை மிகுந்த தோட்டாவுக்கு மாற்றியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

பூட்டுப் பற்கள் பின்னால் இருந்து, போல்ட் தலை தனியாகத் திருகிக் கழலுமானால் அது பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட். வலப்பக்கத்தில், கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தில் கிரீடமும் தொழிற்சாலைப் பெயரும் ஆண்டும் இருந்தால் அது எஸ்.எம்.எல்.இ. எனும் குட்டை லீ-என்ஃபீல்ட் வகை; என்ஃபீல்ட், பி.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்தின் இஷாப்பூர் ஆகியவை அங்கே காணக்கூடிய பெயர்கள். பிந்தைய நம்பர் 4 லீ-என்ஃபீல்டில் விவரம் இடச்சுவரில் இருக்கும். "ஜங்கிள் கார்பைன்" என்றே உலோகத்தில் பொறித்திருந்தால் அது ராணுவம் செய்த குட்டையான நம்பர் 5 லீ-என்ஃபீல்ட் அல்ல. அந்தப் பெயரை ராணுவம் துப்பாக்கியில் பொறிக்கவில்லை, பின்னாளில் வணிகர்கள் பழைய துப்பாக்கிகளை வெட்டிச் செய்து பொறித்த பெயர் அது. உண்மையான நம்பர் 5இல் எடையைக் குறைக்க ரிசீவரிலும் குழலின் அடியிலும் உலோகம் குடைந்தெடுக்கப்பட்டிருக்கும்.

வேட்டைத் துப்பாக்கியாக மாற்றப்பட்டவற்றில் மிகவும் குழப்புவது பிரிட்டனுக்காகச் செய்த பேட்டர்ன் 14உம் அமெரிக்காவின் 1917 மாடலும். இரண்டுக்கும் ஒரே உடல். பின்குறியைக் காக்க இரண்டு காதுகள் நிமிர்ந்திருக்கும். மாற்றுபவர் முதலில் அராவி எறிவது அந்தக் காதுகளைத்தான். இரண்டையும் வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் ஆகிய மூன்று ஆலைகளே செய்தன. முன்னதன் தோட்டா .303, பின்னதன் தோட்டா .30-06. காது போன ரைஃபிளைப் பெயர் பார்க்காமல் வகைப்படுத்தாதீர்கள்.

ரஷ்யாவின் மொசின்-நாகான்ட் குடும்பத்தில் போல்ட் தலை தனி உறுப்பு, துலா தொழிற்சாலைக்கு நட்சத்திரத்துக்குள் அம்பு, இஷெவ்ஸ்க் தொழிற்சாலைக்கு முக்கோணத்துக்குள் அம்பு, பின்லாந்து ராணுவத்திடம் இருந்தவற்றில் சதுரக் கட்டத்துக்குள் "எஸ்.ஏ." என்ற முத்திரை. ஜப்பானின் அரிசாகாவில் ரிசீவரின் மேலே வாயு வெளியேறும் துளை இரண்டு இருந்தால் 6.5 மி.மீ. டைப் 38, ஒன்று இருந்தால் 7.7 மி.மீ. டைப் 99.

5. முத்திரைகளில் எதை நம்புவது

மௌசரில் ரிசீவரின் முன்வளையத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். ஜெர்மன் துப்பாக்கிகளில் ஆலையின் பெயருக்குப் பதில் குறியீடு இருக்கும்: "எஸ்/42" என்பதும் "பி.ஒய்.எஃப்." என்பதும் ஓபர்ன்டார்ஃபில் இருந்த மௌசர் ஆலை, "பி.என்.இசட்." ஸ்டெயர் ஆலை, "டி.ஓ.டி." போர்க்காலத்தில் ஜெர்மானியர் நடத்திய பிர்னோ ஆலை. கீழே இருக்கும் இரண்டு அல்லது நான்கு இலக்கங்கள் ஆண்டு. ஆனால் ஆண்டு ரிசீவருக்கு உரியது. குழல் இருபது ஆண்டு கழித்துப் போட்டதாக இருக்கலாம்.

அராவப்பட்ட சின்னத்தைக் கண்டு திருட்டுத் துப்பாக்கி என்று பதறவேண்டாம். அர்ஜென்டினா தன் ரைஃபிள்களை விற்கும்போது நாட்டுச் சின்னத்தை அராவியே விற்றது. சரணடைந்த ஜப்பானியத் துப்பாக்கிகளில் செவ்வந்திப்பூச் சின்னம் அராவப்பட்டதும் அவ்வாறே. தொலைநோக்கிக்குத் துளையிட்டவர் தளம் சமமாக உட்காரட்டும் என்று அராவியிருக்கவும் கூடும்.

"இங்கிலாந்து" என்ற ஆங்கிலச் சொல் பொறித்திருப்பதால் அங்கே செய்தது என்று எழுதிவிடாதீர்கள். அது வணிகத்துக்காகவும் ஏற்றுமதிக்காகவும் போட்ட முத்திரை. பொருள் இங்கிலாந்தில் செய்யப்படவில்லை என்று அறிவிக்கும் முத்திரைகூடத் தனியாக உண்டு, அதிலும் அந்தச் சொல்லின் சாயல் இருக்கும். இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் குழலில் சிறிதாக இருந்தால் அது அமெரிக்காவின் 1968 சட்டத்துக்குப் பின் அந்நாட்டுக்குள் வந்தது என்று கொள்ளலாம். போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் வேறாக இருப்பது சாதாரணம்; அது விலையைக் குறைக்கும். அதைவிட முக்கியமாக, 8ஆம் படியில் சொல்லும் சோதனையைக் கட்டாயமாக்கும்.

6. குழலை அளத்தல்

கம்மியரைக் கொண்டு மென்மையான ஈய உருண்டை ஒன்றைக் குழலுக்குள் தள்ளி எடுக்கச் செய்து, அதன் வரிப்பள்ளங்களுக்கு இடையிலான அகலத்தை மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். 6.5 மி.மீ. வகைக்குச் சுமார் 0.264 அங்குலம், 7 மி.மீ. வகைக்கு 0.284, .30-06க்கு 0.308, .303க்கு 0.311 அல்லது 0.312, 8 மி.மீ. மௌசருக்கு 0.323. ஜெர்மனியின் 1888 காலத்துப் பழைய 8 மி.மீ. குழல் 0.318 மட்டுமே, புதிய 8 மி.மீ. குண்டை அதில் சுடக்கூடாது. எஸ்.எம்.எல்.இ. குழலில் ஐந்து வரிகள் இருப்பதால் ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடு வரும்; சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே குறைத்துக் காட்டும். இதை அறியாதவர் அளந்தால் .303 குழலை .30 என்று எழுதிவிடுவார்.

7. சேம்பர்: இறுதிச் சொல் இதனுடையது

இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் ஆறு படிகளில் எல்லாமே தெளிவாகக் கிடைத்திருந்தாலும் இதைச் செய்தே ஆகவேண்டும். ராணுவத் துப்பாக்கியை மாற்றியவர்கள் பல நேரங்களில் குழலை அப்படியே விட்டுவிட்டுச் சேம்பரை மட்டும் ஆழமாகக் குடைந்து வேறு தோட்டாவுக்கு மாற்றினார்கள். வெளியே ஓர் எழுத்துகூடப் பொறிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் 8 மி.மீ. தோட்டா எளிதில் கிடைக்காததால், எங்கும் கிடைத்த .30-06 கூட்டின் கழுத்தை 8 மி.மீ. குண்டுக்கு விரித்து, அதற்கேற்ப மௌசர் சேம்பரைக் குடைந்தார்கள். அதற்கு 8மி.மீ.-06 என்று பெயர். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ராணுவத் தோட்டா அளவுகளைக் கட்டுப்படுத்தியதால் .303 கூட்டின் கழுத்தைச் சுருக்கி .303/25 செய்தார்கள்.

என் துப்பாக்கி 8மி.மீ.-06. அலமாரியில் இருந்த தோட்டாவின் கூடு 57 மி.மீ.; சேம்பர் ஏறக்குறைய 63 மி.மீ. கூட்டுக்காகக் குடையப்பட்டது. அந்தத் தோட்டா உள்ளே போகும், போல்ட் மூடும், கொக்கி கவ்வியிருப்பதால் வெடிக்கவும் செய்யும். ஆனால் முன்னால் தாங்குவதற்குத் தோள் (கூடு கழுத்தாகக் குறுகும் சரிவுக்கு ஏற்ற சேம்பரின் சரிவு) உரிய இடத்தில் இல்லாததால் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு முகத்தை நோக்கிப் பின்வாங்கக்கூடும். போல்ட் மூடுகிறது என்பது தோட்டா பொருந்துகிறது என்பதற்குச் சான்றே அல்ல.

செய்யும் முறை எளிது, ஆனால் கம்மியரிடம் விடுவதே நல்லது. செரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். சேம்பரைச் சுத்தம் செய்து, அதற்குச் சற்று முன்னால் குழலைத் துணியால் அடைத்து, கலவையை ஊற்றி, கெட்டியானதும் வெளியே தள்ளுவார்கள். வார்ப்பு முதல் அரை மணி நேரம் சுருங்கி, பிறகு விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வரும், அப்போதுதான் அளக்கவேண்டும். நான் முதலில் சென்ற ஒருவர் எடுத்த உடனே அளந்து எழுதிக் கொடுத்தார். அந்த அளவு எந்தத் தோட்டாவுக்கும் பொருந்தாமல் இரண்டு மாதம் குழம்பினேன். எத்தனை மணிக்கு ஊற்றினார், எத்தனை மணிக்கு அளந்தார் என்று எழுதி வாங்குங்கள். வார்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

8. சுடத் தகுந்ததா என்ற சோதனை

தோட்டா எதுவென்று தெரிந்தபின் அதற்குரிய கேஜ்களால் (அளவுக் கட்டைகளால்) ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டாவைத் தாங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, சோதிக்கவேண்டும். தலை வேறாகவோ எண் வேறாகவோ உள்ள போல்ட்டுக்கு இது தவிர்க்கமுடியாதது. சில துப்பாக்கிகளைச் சோதனைக்கும் அனுப்பவேண்டாம், சுடுவதை விட்டுவிடுங்கள்: பயிற்சிக்கு மட்டும் என்று பொருள்படும் "டி.பி." முத்திரை உள்ள லீ-என்ஃபீல்ட், வரிசை எண் 8,00,000க்குக் குறைவான ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 1903 மாடல், 2,85,507க்குக் குறைவான ராக் ஐலண்ட் ஆலையின் அதே மாடல். பிந்தைய இரண்டிலும் எஃகைச் சூடேற்றிய முறையில் குறை இருந்ததால் ரிசீவர் நொறுங்கிய நிகழ்வுகள் உண்டு. கனடாவின் 1910 மாடல் ராஸ் ரைஃபிளின் போல்ட் உறுப்புகளைத் தவறாகக் கோத்தாலும் அது உள்ளே போய்விடும், பூட்டாமலேயே சுடும். அதை அறிந்த ஒருவர் பார்க்காமல் தொடாதீர்கள்.

9. செலவும் காலமும்

படமெடுப்பதற்கும் முத்திரை படிப்பதற்கும் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். குழல் அளவு, சேம்பர் வார்ப்பு, ஹெட்ஸ்பேஸ் மூன்றையும் ஒரே நாளில் ஒரே கம்மியரிடம் செய்யச் சொன்னால் ஒருமுறைக் கூலியில் முடியும். நான் மூன்று பேரிடம் மூன்று முறை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்ல அனுமதி கேட்டுக் காத்திருந்ததில்தான் பெரும்பகுதிக் காலம் போனது. உரிம மாற்றத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற வேலைகளுக்கு இரண்டு வாரம் தாராளம்.

பழைய ராணுவ உருவத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் ஆசை பலருக்கு வரும். கட்டை மட்டும் மாறியிருந்து, குழல் வெட்டப்படாமலும் ரிசீவரில் துளையிடப்படாமலும் இருந்தால் அது நியாயமான ஆசை. துளையிட்டு, அராவி, சேம்பரையும் குடைந்த துப்பாக்கியை மீட்க ஆகும் செலவு, மாற்றப்படாத ஒன்றை வாங்கும் செலவைத் தாண்டிவிடும். வேட்டைத் துப்பாக்கியாக அதைச் செய்த கையின் வேலை நன்றாக இருந்தால் அப்படியே வைத்திருப்பது என் தேர்வு.

கடைசியாக, கண்டறிந்ததைத் துப்பாக்கியோடேயே சேர்த்துவையுங்கள். உண்மையான தோட்டா அளவை உரிமத்தில் திருத்தச் சொல்லி எழுத்தில் விண்ணப்பியுங்கள். சட்டம் அனுமதித்தால் கம்மியரைக் கொண்டு குழலில் பொறிக்கச் சொல்லுங்கள். பெரியப்பாவின் 8×57 பெட்டியை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்த ரசீது, சேம்பர் வார்ப்பு, பென்சிலால் தேய்த்த தாள், இறப்புச் சான்றிதழின் நகல் நான்கும் இப்போது ஒரே உறையில் துப்பாக்கியோடு இருக்கின்றன. எனக்குப் பிறகு அலமாரியைத் திறப்பவர் முதலில் எடுக்கவேண்டியது அந்த உறையை என்று அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.